கூலி நோட்டை எழுதினது யாருங்க?

கேள்வி: அக்கா, எங்களுக்கு மொடக்குறிச்சிப் பக்கம் தோட்டம். பொண்ணு எம்பிஏ முடிச்சு திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர், ஆர்டரெல்லாம் பார்த்துக்கற வேலை, சம்பளம் 22,000. அவளுக்குப் பொறவு சேர்ந்த, டிகிரிகூட முடிக்காத பையனுக்கு 27,000ன்னு தெரிஞ்சதுல இருந்து ஒரே சண்டை. "நீ கல்யாணமாயிப் போயிருவே"ன்னு மேனேஜர் சொன்னாராம். வேலையை விட்டுட்டு பெங்களூர் போறேங்கறா. பொறுப்பான பொண்ணுதான், லீவு நாள்ல தோட்டத்துக் கூலி நோட்டுகூட அவதான் எழுதுவா. எப்படி சமாதானப்படுத்தறது? எங்க பையன் வேற காலேஜைப் பாதியில விட்டுட்டு போர் போடற ரிக் வண்டிக்குப் போயிட்டான்.

பதில்: அம்மிணி, மத்ததெல்லாம் நான் நூறு லெட்டர்ல படிச்ச கதை. அந்தக் கூலி நோட்டுலதான் எனக்குக் கண்ணு நின்னுபோச்சு. அதுல ஆம்பளையாளுக்கு எவ்வளவு, பொம்பளையாளுக்கு எவ்வளவுங்க? நீங்க சொல்லலை, சொல்லவே வேண்டாம், நம்ம பக்கம் பொம்பளைக் கூலி பாதி, மிஞ்சினா பாதிக்குக் கொஞ்சம் மேல. கடப்பாரை புடிக்கறது ஆம்பளைங்கதானேம்பீங்க. மஞ்சள் வெட்டுல கொத்தறவன் நடுவுல நிமிர்ந்து பீடி பத்தவெக்கலாம், பின்னாடியே குனிஞ்சு மண்ணை உதறிக் கெழங்கு பொறுக்கறவ பொழுதுக்கும் நிமிரமாட்டா, சரி அதை விடுங்க, சும்மா தண்ணி கட்டற நாளுக்கும் அவனுக்கு அதே ஆம்பளைக் கூலிதானே குடுக்கறீங்க? ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலின்னு 1976லயே சட்டம் வந்தாச்சு.

அந்த ரெண்டு தொகையையும் உங்க பொண்ணு தன் கையால எழுதி வளர்ந்திருக்கா. ஏம்மா இப்படின்னு ஒரு நாளாவது கேட்டிருப்பா, என்ன சொல்லி வாயடைச்சீங்கன்னு ரோசனை பண்ணுங்க. மேனேஜர் என்ன புதுசாவா சொல்லிட்டாரு?

2023ல பொருளாதார நோபல் வாங்கின கிளாடியா கோல்டின் அம்மா, சம்பள வித்தியாசம் பெருசாகறது மொதல் கொழந்தை பொறந்த பொறவுதான்னு காட்டினாங்க. உங்க பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள மாசம் 5,000 போகுது.

கோவத்துல வேலையை விடறது எனக்கும் புடிக்கலைங்க. எத்தனை ஆர்டர் பார்த்தா, எத்தனை ஷிப்மென்ட் டயத்துக்குப் போச்சுன்னு எழுதிக்கிட்டு முதலாளிகிட்டயே போய் கேக்கட்டும், தரலைன்னா வேற வேலையைக் கையில வெச்சுக்கிட்டு பெங்களூரோ எங்கியோ போகட்டும். பெத்தவங்க அவ பின்னாடி நிக்கோணும், சமாதானம் பேசறது உங்க சோலி இல்ல.

பையனைப் பத்தி ஒரே வரி, அதுவும் "வேற"ன்னு. 2025 பிளஸ்டூல பொண்ணுங்க 96.70 சதவீதம் பாஸ், பசங்க 93.16, ஊரே பசங்களுக்குப் படிப்பு ஏறலைன்னு பொலம்புது. டிகிரி இல்லாமயே ஆம்பளைக் கூலி வந்துரும்னு அவனும் அதே நோட்டைப் பார்த்துத்தானே வளர்ந்தான்? அக்காவுக்குத்தான் 22,000க்கே எம்பிஏ வேணும்.

ரிக்ல இருந்து அவன் ஊருக்கு வர்றப்போ இந்தத் தடவை நோட்டை அவன் கையில குடுங்க, ரெண்டு ஆளுக்கும் ஒரே தொகையா எழுதச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் குதிப்பாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவரைவிட எச்சா குதிப்பாரு.