பிரவுசரில் மைக் அமைப்புகள்: கேள்வி பதில்

கேள்வி (கோபி): ஆன்லைனில் உடுக்கைப் பாட்டு சொல்லித் தருகிறோமுங்க. அடி விழுந்ததும் குரல் அமுங்கிப் போகிறது. மைக்கை மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பேச்சுக்காக பிரவுசர் தானாகச் செய்யும் மூன்று வேலைகள்தான் காரணம்: எக்கோ கேன்சலேஷன் (ஸ்பீக்கர் ஒலி மைக் வழியே திரும்புவதை நீக்குவது), நாய்ஸ் சப்ரெஷன் (இரைச்சலை வெட்டுவது), ஆட்டோ கெயின் கன்ட்ரோல் (ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பது). ஓங்கி அடித்ததும் ஆட்டோ கெயின் அளவைக் குறைக்கிறது. பின்னால் வரும் பாட்டு அதில் மாட்டிக்கொள்கிறது. உடுக்கையின் அதிர்வை இரைச்சல் என்று எண்ணி சப்ரெஷன் வெட்டுகிறது. உங்கள் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில், மைக்கைத் திறக்கும் கெட்யூசர்மீடியாவை அழைக்கும்போதே மூன்றுக்கும் ஃபால்ஸ் (வேண்டாம்) கொடுங்கள். எக்கோ கேன்சலேஷனை அணைத்தால் ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கர் வைத்தால் மாணவர் குரல் அவருக்கே திரும்பும்.

வெறும் ஃபால்ஸ் என்பது விருப்பம்தான், பிரவுசர் கேட்காமலும் விடலாம். எக்ஸாக்ட் சேர்த்தால் கட்டாயம். முடியாதபோது ஓவர்கன்ஸ்ட்ரெயின்ட் எர்ரர் வரும். எப்படியானாலும் டிராக் (மைக்கிலிருந்து வரும் ஒலி ஓடை) கையில் வந்ததும், உண்மையில் எது அமைந்தது என்று சொல்லும் கெட்செட்டிங்ஸ் பாருங்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது.

கேள்வி (திருப்பூர்): ப்ளூடூத் ஹெட்செட்டில் 48000 சாம்பிள் ரேட் (நொடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகள்) கேட்டேன். கெட்செட்டிங்ஸும் 48000 காட்டுகிறது. ஆனால் பழைய டெலிபோன் மாதிரி கேட்கிறது.

பதில்: கெட்செட்டிங்ஸ் பார்த்தீர்களே, மகிழ்ச்சி. மைக்கைத் திறந்ததும் சாதாரண ப்ளூடூத் ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறிவிடும். அங்கே 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். பிரவுசர் அதை 48000-ஆக நீட்டித் தருகிறது. இல்லாத ஒலி எங்கிருந்து வரும்? ஒயர் மைக் போடுங்கள்.

கேள்வி (ஈரோடு): மியூட் செய்த பிறகும் மைக் விளக்கு எரிகிறது.

பதில்: மியூட்டுக்காக டிராக்கின் எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கினால் மௌனம்தான் போகும், மைக் உங்கள் பிடியில்தான் இருக்கும். மைக்கை விட வேண்டுமென்றால் டிராக்கை ஸ்டாப் செய்யுங்கள்.

கேள்வி (கரூர்): போனில் 192.168 முகவரியில் பக்கத்தைத் திறந்தால், மைக்கைத் தரும் மீடியாடிவைசஸ் அன்டிஃபைன்டு (இல்லை) என்று வருகிறது.

பதில்: எச்டிடிபிஎஸ் வேண்டும். லோக்கல்ஹோஸ்டுக்கு (அதே கருவியைக் குறிக்கும் முகவரி) மட்டும் விலக்கு.

கேள்வி (சோமனூர்): கோபிக்காரருக்கு சப்ரெஷனை அணைக்கச் சொல்லிவிட்டீர்கள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிற எங்களுக்கு என்னங்க வழி?

பதில்: உங்களை யார் அணைக்கச் சொன்னது? பேசுவதானால் இருக்கட்டும்.

கேள்வி (பல்லடம்): சோமனூர் அண்ணன் சொல்வதுதான் சரி. இந்த ஊர்களில் அதை அணைக்கவே கூடாது.

பதில்: தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஃபேன் போல ஒரே சீராக ஓடும் இரைச்சலைத்தான் சப்ரெஷன் நன்றாகப் பிடிக்கும். தறி அடி அடியாகத் தட்டும். பாதி தப்பித்து வரும், கூடவே உங்கள் குரலும் கடிபடும். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைப்பதுதான் முதல் மருந்து.

சரி, பேச்சு, பாட்டு என்று இரண்டு பொத்தான் வையுங்கள். ஓடும் டிராக்கின் அமைப்பை மாற்றும் அப்ளைகன்ஸ்ட்ரெயின்ட்ஸ் எல்லா பிரவுசரிலும் நடுவழியில் அந்த மூன்றையும் மாற்றித் தரும் என்று நம்ப வேண்டாம். பழைய டிராக்கை ஸ்டாப் செய்து, புதிய அமைப்போடு இன்னொன்றை வாங்கி, ரீப்ளேஸ்டிராக் மூலம் மாற்றுங்கள். அழைப்பு அறுபடாது.

கேள்வி (பொள்ளாச்சி): மூன்றுக்கும் ஃபால்ஸ் கொடுத்தும் ஒன்றும் மாறவில்லைங்க.

பதில்: கெட்செட்டிங்ஸ்.

கேள்வி (நாமக்கல்): எனக்கும் அதேதான்.

பதில்: அதேதான்.

கேள்வி (உடுமலை): எந்த கம்பெனி மைக் வாங்கலாம்?

பதில்: அதைக் கடையில் கேளுங்கள்.