கட்டைவிரலை அசைக்கும் தசைகள் எவை? பீடி சுற்றும் என் அம்மாவுக்குக் கட்டைவிரல் வலிக்கிறது. எந்தத் தசை கெட்டிருக்கும்?

குடியாத்தத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். பலமனேர், சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி இங்கே வருவார்கள். பீடி, தீப்பெட்டி, லுங்கித் தறி என்று இந்த வட்டாரத்துப் பிழைப்பில் பாதி கட்டைவிரலை நம்பித்தான் நடக்கிறது. அதனால் உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கட்டைவிரலை அசைப்பவை முக்கியமாக எட்டுத் தசைகள். அவற்றில் நான்கு கட்டைவிரலின் பக்கத்திலேயே இல்லை; முன்கையில் இருக்கின்றன. தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நாண்கள் மட்டும் மணிக்கட்டைக் கடந்து விரலுக்கு வருகின்றன. மற்ற நான்கும் உள்ளங்கைக்குள் இருப்பவை. கட்டைவிரலின் நுனியை மட்டும் மடக்கி மடக்கி நீட்டியபடி, மறு கையால் மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே அழுத்திப் பிடியுங்கள். உள்ளே ஒன்று இழுபடுவது தெரியும். அதுதான் ஃப்ளெக்சர் பொலிசிஸ் லாங்கஸ். நுனிக் கணுவை மடக்கும் தசை அது ஒன்றுதான்.

உங்கள் அம்மா பீடி சுற்றும்போது அருகில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பாடப் படமும் அவ்வளவு தெளிவாக இருக்காது. மடியில் முறம். வெட்டிய இலையில் தூளைப் பரப்பியதும், இரண்டு கட்டைவிரல்களும் மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கின்றன. உள்ளங்கையை விட்டு விரலை முன்னே தூக்குவது அப்டக்டர் பிரெவிஸ். தூக்கிய விரலைச் சுழற்றி எதிர்முகமாக நிறுத்துவது அதன் அடியில் இருக்கும் ஆப்பொனென்ஸ். கட்டைவிரலின் அடியில் மேடாகத் தெரிகிறதே, அந்தச் சதை இவையும் ஃப்ளெக்சர் பிரெவிஸும் சேர்ந்தது. இலை நழுவாமல் சுட்டுவிரலோடு சேர்த்து நெரிப்பது அட்டக்டர். உள்ளங்கையின் ஆழத்தில், நடுவிரலின் எலும்பிலிருந்து குறுக்காக வரும் விசிறி போன்ற தசை. இலையின் ஓரத்தை உள்ளே திருப்பும்போதும், பீடியின் தலையை மடக்கும்போதும் கட்டைவிரல் நுனி வளைகிறது. அது முன்கையிலிருந்து வரும் ஃப்ளெக்சர் லாங்கஸ். அடுத்த இலையை எடுக்க விரல் விரிகிறது. அது முன்கையின் பின்புறத்து மூன்று தசைகளின் வேலை. சில நொடிகளில் முடிகிற இந்தச் சுற்று ஒரு நாளில் பல நூறு தடவை நடக்கிறது. இதைக் கைத்தொழில் என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இனி வலிக்கு வருகிறேன். கட்டைவிரல் வலி என்று வருபவர்களிடம் தசையே கெட்டிருப்பது குறைவு. பெரும்பாலும் கெடுவது நாண் ஓடும் வழி, அல்லது மூட்டு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உள்ள எலும்பு முனையைத் தொட்டால் சுளீர் என்கிறதா? அங்கே ஒரு குறுகிய உறைக்குள் இரண்டு நாண்கள் சேர்ந்து ஓடுகின்றன: அப்டக்டர் லாங்கஸ், எக்ஸ்டென்சர் பிரெவிஸ். உறை தடித்துவிட்டால் நாண்கள் உரசும். 1895 இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வைன் இதை விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கைமுட்டியை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள். அந்த முனையில் வலி பாய்ந்தால் பெரும்பாலும் இதுதான். பீடி சுற்றும் பெண்களிடம் பார்க்கிறேன். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் இளம் தாய்மார்களிடம் இன்னும் அதிகம். கட்டைவிரலோடு சேர்த்து மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் பட்டை, ஓய்வு, தேவைப்பட்டால் ஒரு ஊசி என்று பெரும்பாலும் அடங்கிவிடும். எண்ணெய் போட்டு நீவி உருவினால் உரசல் கூடத்தான் செய்யும்.

வலி அதற்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் எலும்பு மணிக்கட்டோடு சேரும் இடத்தில் இருந்தால் மூட்டுத் தேய்மானத்தை நினைக்க வேண்டும். குதிரைச் சேணம் போல் இரண்டு பக்கமும் வளைந்த மூட்டு அது. கட்டைவிரல் இத்தனை திசைகளில் திரும்புவதே அதனால்தான். அதற்கு விலையும் உண்டு. நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால், அடி மூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது.

எட்டில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை: நுனியை நீட்டும் எக்ஸ்டென்சர் லாங்கஸ். அதன் நாண் மணிக்கட்டின் பின்புறம் ஒரு சிறு எலும்பு மேட்டைச் சுற்றித் திரும்பிக் கட்டைவிரலுக்கு வருகிறது. மணிக்கட்டு முறிந்தால் இங்கே பலரும் ஆந்திரப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்வார்கள், சிலர் மாவுக்கட்டு. எந்தக் கட்டாக இருந்தாலும், எலும்பு ஒழுங்காகக் கூடினாலும், சில வாரங்கள் கழித்து இந்த நாண் அந்த மேட்டருகே நைந்து அறுந்துபோவது உண்டு. உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கச் சொன்னால் தூக்க வராது. பயந்துவிட வேண்டாம், வேறொரு நாணை மாற்றி இணைத்துச் சரிசெய்துவிடலாம்.

வலிக்கிற கையை யாராவது பார்த்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது வலிக்காமல் மெலிகிற கை. இந்த எட்டுத் தசைகளும் மூன்று நரம்புகளின் பொறுப்பில் இருக்கின்றன. விரிக்கும் மூன்றும் ரேடியல் நரம்பு. அடிமேட்டின் பெரும்பகுதியும் நுனியை மடக்குவதும் மீடியன். நெரிக்கும் அட்டக்டர் அல்நார். மணிக்கட்டுச் சுரங்கத்தில், அதாவது நாண்களும் நரம்பும் கைக்குள் நுழையும் குறுகிய வழியில், மீடியன் நரம்பு நெடுநாள் நசுங்கினால் முதலில் இரவில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகும். கையை உதறினால் சரியாகும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பிறகு அடிமேடு மெல்ல வற்றித் தட்டையாகிறது. வற்றியபின் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

அல்நார் நரம்பு கெட்டால் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் புறங்கைச் சதை குழி விழும். ஒரு தாளை இரண்டு விரலுக்கும் இடையே பிடிக்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள். நெரிக்கும் தசைக்குப் பலமில்லை என்றால், தாளை விடாமலிருக்க நுனி தானாக மடங்கும். அட்டக்டரின் வேலையை நுனியை மடக்கும் ஃப்ளெக்சர் லாங்கஸ் செய்ய முயல்கிறது. தொழுநோய் மிக அதிகமாகத் தாக்கும் நரம்புகளில் அல்நார் ஒன்று என்பதால் இந்தச் சோதனையை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. அந்த நோய் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் நிறைய. போகவில்லை. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். நரம்பு பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் கை பலம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946 இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு நாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நடந்த வேலை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கட்டைவிரல் எதிரே வராதவருக்கு மோதிரவிரலை மடக்கும் நாண்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குத் திருப்பிவிடுவார்கள். கட்டுப் பிரித்ததும் எங்கள் வேலை தொடங்கும். "மோதிரவிரலை மடக்குங்கள்" என்றால் கட்டைவிரல் நகரும். நோயாளி திகைத்துப் பார்ப்பார். தினமும் பழகப் பழக, மோதிரவிரலை நினைக்காமலே கட்டைவிரல் வந்துவிடும்.

உங்கள் அம்மாவின் இரண்டு உள்ளங்கைகளையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிமேட்டை ஒப்பிடுங்கள். மல்லாந்த கையில் கட்டைவிரலை நேராக மேலே தூக்கச் சொல்லி, நீங்கள் ஒரு விரலால் கீழே அழுத்துங்கள். பிறகு தாள் சோதனை. எல்லாம் சமமாக இருந்து வலி மட்டும் இருந்தால், மூன்று வாரம் பட்டை போட்டு, சுற்றும் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்கலாம். கூலி எண்ணிக்கைக்குத்தான் என்று தெரிந்தே சொல்கிறேன். ஒரு மேடு தட்டையாக இருந்தாலோ, தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் தெரிந்தாலோ, வலி இல்லை என்று காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.