புள்ளிகளை எப்போது மைல்களாக மாற்றுவது?

கேள்வி: கடன்பற்று அட்டைப் புள்ளிகளை மாதந்தோறும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானச் சீட்டுக்குப் பயன்படும் கிரிஸ்ஃபிளையர் மைல்களாக மாற்றி வருகிறேன். பொங்கலுக்குக் குடும்பத்தோடு சென்னை செல்ல இது சரியான முறையா?
– வாசகி, ஈசூன்

பதில்: மாதந்தோறும் மாற்ற வேண்டாம், அம்மா. கிரிஸ்ஃபிளையர் மைல்கள் 36 மாதங்களில் காலாவதியாகும். அவை உங்கள் கணக்கில் சேர்ந்த பிறகே அந்தக் கெடு தொடங்குவதால், உங்கள் அட்டைப் புள்ளிகளுக்குத் தனிக் காலக்கெடு உண்டா என்று பார்த்துக்கொண்டு, அதுவரை வங்கியிலேயே விட்டுவைத்து, பயணம் உறுதியானதும் மொத்தமாக மாற்றுங்கள். பல வங்கிகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டணம் வாங்குகின்றன என்பதோடு, மாற்றிய மைல்களைத் திரும்பப் புள்ளிகளாக்கவும் முடியாது. மாற்றம் முடியச் சில நாள்கள் ஆகலாம். பண்டிகைக்கால இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும்; சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயண நாளுக்கு 355 நாள்களுக்கு முன் முன்பதிவைத் திறப்பதால், அதற்குள் தேதியை முடிவுசெய்துவிடுங்கள். இவை எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது, அட்டை நிலுவையை மாதந்தோறும் முழுமையாகக் கட்டுவதைத்தான். ஆண்டுக்கு 25 விழுக்காட்டைத் தாண்டும் வட்டியை எந்த மைலும் ஈடுகட்டாது.