ஹிரியூர் நினைவிருக்கிறது, சித்ரதுர்கா நினைவில்லை

கேள்வி: எனக்கு வயது 43. ஊர் நாமக்கல் பக்கம். 19 வருடமாக லாரி ஓட்டுகிறேன், கடைசி 7 வருடம் ட்ரெய்லர். சேலத்தில் லோடு ஏற்றினால் மும்பை, அங்கிருந்து திரும்ப லோடு. சிங்கிள் டிரைவர், கிளீனர் கிடையாது. ஒரு நாளைக்கு 15, 16 மணி நேரம் ஓட்டுகிறேன். உயரம் ஐந்தரை அடி, எடை 98 கிலோ. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். காலையில் தலை கனக்கிறது. சாயங்காலம் இரண்டு காலும் வீங்குகிறது. இடுப்பு வலி, நெஞ்சுக்கரிப்பு இருக்கிறது, முடி கொட்டுகிறது, வலது கை மட்டும் கறுத்துவிட்டது. டோல்கேட்டில் நடந்த முகாமில் பிபி 160/100 என்றார்கள். கிட்னி கெட்டால் இப்படித்தான் இருக்கும் என்று யூடியூபில் பார்த்தேன். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுகிறேன். ராத்திரி தூக்கம் வராமலிருக்க நண்பர் ஒரு மாத்திரை கொடுத்தார், அதையும் போடுகிறேன். வீட்டுக்கு வந்தால் என் குறட்டையில் மனைவி தூங்க முடிவதில்லை, நடுவில் மூச்சே நிற்கிறது என்கிறாள். போன மாதம் கர்நாடகத்தில் ஹிரியூர் தாண்டியது நினைவிருக்கிறது, சித்ரதுர்கா வந்தது நினைவில்லை. கிட்னிக்கு என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

பதில்: கிட்னி இருக்கட்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஹிரியூரிலிருந்து சித்ரதுர்கா ஏறக்குறைய 40 கிலோமீட்டர். லோடு ஏற்றிய ட்ரெய்லர் அதைக் கடக்க முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். அந்த முக்கால் மணி நேரமும் உங்கள் மூளையில் பதிவாகவே இல்லை. முழுக்கத் தூங்கியிருந்தால் வண்டி சாலையில் இருந்திருக்காது. இரண்டு நொடி, மூன்று நொடி என்று மூளை அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. கண் திறந்தே இருக்கும், கை ஸ்டியரிங்கிலேயே இருக்கும், ஆனால் பார்ப்பதற்கு உள்ளே ஆள் இருக்கமாட்டார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16, 17 மீட்டர் போகும். நான்கு நொடி கண் அசந்தால் 65 மீட்டருக்கு மேல் ஓட்டுநரே இல்லாத வண்டி. ட்ரெய்லருக்குச் சட்டம் அனுமதிக்கிற மொத்த எடையே 55 டன் வரை. அவ்வளவு எடை, அப்படி 65 மீட்டர்.

பயிற்சி மருத்துவராக அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த நாட்களில், விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே வருகிற லாரி விபத்துகளில் போலீஸ்காரர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: ‘ரோட்டில் பிரேக் தடமே இல்லை சார்.’ விழித்திருக்கிற எந்த ஓட்டுநரும் மோதப்போகிற கணத்திலாவது பிரேக்கை மிதித்துவிடுவார். தடம் இல்லையென்றால் காலை அழுத்தச் சொல்ல மூளை விழித்திருக்கவில்லை. பிழைத்து வந்தவர்களைக் கேட்டால், ‘தூங்கவே இல்லை சார், என்ன ஆச்சுன்னே தெரியல’ என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சில நொடித் தூக்கம் தூங்கியவருக்கே தெரியாது.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பத்துத் தொந்தரவுகளை வரிசையாக எழுதிவிட்டு, சித்ரதுர்காவை ஒரே வரியில், எல்லாவற்றுக்கும் கீழே, கேள்வி இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். கிட்னி என்றால் மருந்து உண்டு, டெஸ்ட் உண்டு. இதை வெளியே சொன்னால் வண்டி ஓட்டாதே என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் உங்கள் பயம் என்று நினைக்கிறேன். அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். இப்போதைக்கு ஓட்டக் கூடாது. சிகிச்சை எடுத்து, அது பலன் தருகிறது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு ஓட்டலாம். இது தொழிலை முடித்துவைக்கிற நோய் கிடையாது.

நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா. பெரும்பாலும் இதுதான் என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்ல முடிகிறது, பரிசோதனை உறுதி செய்யும். தூங்கும்போது எல்லாருக்கும் தொண்டைத் தசை தளரும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு அந்தத் தளர்ந்த தொண்டை ஒட்டி மூடிக்கொள்ளும். மார்பு மூச்சை இழுக்கும், காற்று உள்ளே போகாது. பத்து நொடி, இருபது நொடி, சிலருக்கு அதற்கு மேலும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி எழுப்பும், ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தால் நோய் என்கிறோம், முப்பதைத் தாண்டினால் கடுமையான நோய். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அவர் தூங்கியதாகக் கணக்கில்லை. நீங்களோ எட்டு மணி நேரம் படுப்பதே இல்லை.

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். மூடிய தொண்டைக்கு எதிராக மார்பு இழுக்கும்போது இதய அறைகள் விரிகின்றன. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாகப் புரிந்துகொண்டு, தண்ணீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. கிட்னி சொன்ன வேலையைச் செய்கிறது, நீங்கள் இரவில் நான்கு முறை எழுகிறீர்கள். சர்க்கரை நோயிலும் இப்படி எழ வேண்டிவரும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். காலையில் தலை கனப்பது இரவெல்லாம் மூச்சு சரியாகப் போகாததால். பிபி 160/100க்கும் இதில் பங்குண்டு. இரவு முழுக்க உடம்பு ஆபத்து ஆபத்து என்று அலறிக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் எப்படி இறங்கும்? யூடியூப் காட்டிய கிட்னி நோயின் அறிகுறிகளில் பாதி, உங்கள் மனைவி கேட்கிற குறட்டையிலிருந்து வருகிறது. உங்களைப் பார்த்தே இராத ஒருவர் பேசியதை நம்பியிருக்கிறீர்கள், பக்கத்தில் படுத்துக் கேட்டவர் சொன்னதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறீர்கள்.

கிளீனர் இருந்த காலத்தில் இந்த நோயை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். ‘அண்ணே, ராத்திரி மூச்சு நின்னு நின்னு வருது’ என்று சொல்ல கேபினில் ஓர் ஆள் இருந்தார். கண் சொக்கும்போது தோளில் தட்டவும் ஆள் இருந்தார். இன்று செலவு கட்டுப்படியாகவில்லை என்று அந்த ஆளை எடுத்துவிட்டார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ஆம் வருடமே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போனால் அரை மணி நேர ஓய்வு என்று அதில் அப்போதே எழுதியிருந்தார்கள். நீங்கள் 16 மணி நேரம் என்று சாதாரணமாக எழுதுகிறீர்கள். டிரிப் கணக்கில் சம்பளமும் பேட்டாவும் இருக்கிறவரை எந்த ஓட்டுநரும் தானாக வண்டியை ஓரம் கட்டமாட்டார். இதில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மாத்திரை விஷயத்தில் குற்றம் சொல்வேன். நண்பர் கொடுத்த மாத்திரை என்கிறீர்கள், பெயர்கூட எழுதவில்லை. விழித்திருக்கவைக்கும் மாத்திரைகளில் சில, இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். 160/100 இருக்கிறவர் அதைப் போடுவது ஆபத்து. அது தூக்கக் கடனை அடைப்பதும் இல்லை, மறைத்துவைக்கும், அவ்வளவுதான். மாத்திரையின் வேகம் குறைந்ததும் மொத்தக் கடனும் ஒரே நேரத்தில் வந்து விழும், அது எந்த மலைப்பாதையில் விழும் என்று யார் சொல்ல முடியும்? தொப்பூர் இறக்கத்திலா, சதாரா பக்கத்து மலைச் சாலையிலா? இன்றோடு நிறுத்துங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டையை எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சளிக்கு மருந்துக்கடையில் வாங்குகிற மாத்திரையிலும் கவனம் வேண்டும், பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருக்கிறது. லோடு இறக்கிவிட்டு உடம்பு அலுப்புக்கு ஒரு குவார்ட்டர் என்கிற பழக்கம் இருந்தால், அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சை அதிகம் அடைக்கும். தூக்க மாத்திரையை உங்களைப் போன்றவர்கள் தொடவே கூடாது. ஜன்னலைத் திறந்துவைப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது, புகையிலை போடுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அடுத்த லோடுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓனரிடம் பிபி அதிகமாக இருக்கிறது, டாக்டர் ஓட்டக் கூடாது என்கிறார் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. இரண்டு வாரச் சம்பளம் போகும் என்று எனக்குத் தெரியும். பெரிய தொகைதான். தவணை கட்டுகிற வீட்டில் அது எப்படி அடிக்கும் என்பதை என்னிடம் வருகிற ஓட்டுநர் குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகும்தான் சொல்கிறேன்.

மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நுரையீரல் பிரிவு இருக்கும், முதலில் அங்கே போங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரும் இதைப் பார்ப்பார். போவதற்கு முன் இஞ்சு டேப்பால் கழுத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 17 அங்குலத்துக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கும். எப்வொர்த் என்றொரு கேள்வித்தாள் தருவார்கள், எட்டுக் கேள்வி, 24 மதிப்பெண். வண்டியில் இருக்கும்போது போக்குவரத்தில் சில நிமிடம் நின்றால் கண் அசருமா என்பது அதில் ஒன்று. வேலை போய்விடுமோ என்று ஓட்டுநர்கள் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போடுவார்கள். நீங்கள் டோல்கேட் வரிசையை நினைத்து உண்மையை எழுதுங்கள். பிறகு ஒரு இரவு முழுக்க மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் கருவியில் பதிவு செய்வார்கள். சிலருக்கு வீட்டிலேயே அந்தப் பரிசோதனை செய்யலாம். வலி கிடையாது, ஊசி கிடையாது.

நோய் உறுதியானால் பெரும்பாலும் சிபாப் என்ற கருவியைத் தருவார்கள். மூக்கில் முகமூடி மாதிரி மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும், அது மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பித் தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். பலர் அதோடு பெட்டியில் போட்டுவிடுகிறார்கள், அந்தத் தவறைச் செய்யாதீர்கள். விலை பத்தாயிரங்களில் இருக்கும், மாதவாடகைக்கும் கிடைக்கும். கேபினில் எப்படி என்று கேட்பீர்கள். லாரி பேட்டரி 24 வோல்ட், அதற்கேற்ற அடாப்டர் உள்ள கருவிகள் இருக்கின்றன, இல்லையென்றால் இன்வெர்ட்டர் போதும். வாங்கும்போதே ‘லாரியில் போட வேண்டும்’ என்று சொல்லிக் கேளுங்கள். ஒழுங்காகப் போட்டுத் தூங்கியவர்களில் பலர் சில நாட்களிலேயே ‘இத்தனை வருஷம் தூங்கவே இல்லன்னு இப்பத்தான் தெரியுது’ என்று வந்து சொல்வார்கள். எனக்கு மருத்துவத்தில் பிடித்த நாட்கள் அவை. கூடவே எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் மூச்சடைப்பு நன்றாகக் குறையும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

திரும்ப ஓட்ட ஆரம்பித்த பிறகும் அதிகாலை 2 முதல் 5 வரை வண்டியை நிறுத்திவிடுங்கள். உடம்பின் கடிகாரம் அந்த நேரத்தில் யாரையும் கீழே இழுக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் கிறக்கமும் அதே கடிகாரத்தின் வேலைதான். கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுங்கள். டீ வேலை செய்ய ஆரம்பிக்கிற நேரத்தில் எழுந்துவிடுவீர்கள்.

மற்றவை: வலது கை ஜன்னல் வெயிலில் கறுத்தது, முழுக்கைச் சட்டை போடுங்கள். முடி இந்த வயதில் கொட்டும், விடுங்கள். நெஞ்சுக்கரிப்பு, இரவு 11 மணிக்குத் தாபாவில் சாப்பிட்டு உடனே படுப்பதால். இரண்டு காலும் சாயங்காலம் வீங்கி, காலையில் வடிந்தால் தொங்கப் போட்டு உட்காருவதுதான் காரணம், இறங்கி நடங்கள். ஒரே கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

இப்போது கிட்னி. ரத்தத்தில் கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீரில் புரதம், மூன்றையும் பாருங்கள், ஒரே காலையில் முடிந்துவிடும். உங்கள் கிட்னிக்கு நான் பயப்படுகிற இரண்டு விஷயங்கள் வீடியோவில் வந்திருக்காது. ஒன்று, மருந்தே எடுக்காத அந்த 160/100. முகாமில் சொன்ன பிறகும் ஏன் திரும்பப் பார்க்கவில்லை? இன்னொன்று, டைக்ளோபினாக். தொடர்ந்து போட்டால் பிபியை ஏற்றும், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவருக்குக் கிட்னியை நேராகவே தாக்கும். டாய்லெட் கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறவர்தானே நீங்களும்? கிட்னி போய்விடுமோ என்ற பயத்தோடு ஒரு கையில் போனையும், கிட்னியைக் கெடுக்கிற மாத்திரையை இன்னொரு கையிலும் வைத்திருக்கிறீர்கள். இடுப்புக்கு சூடு ஒத்தடம், சீட்டுக்கு முதுகுத் தாங்கல், தேவைப்பட்டால் மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை.

மருத்துவமனைக்குத் தனியாகப் போகாதீர்கள், மனைவியையும் கூட்டிப்போங்கள். அதற்கு முந்தைய இரவு, நீங்கள் தூங்கும்போது போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். முகமும் மார்பும் தெரிய வேண்டும், சத்தம் பதிவாக வேண்டும். மருத்துவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள், கிட்னியைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.