கரண்ட் போனால் சோலாரும் நிற்பது ஏன்?

தம்பி, கடலோர ஊரான கல்லடியில் கூரை நிறைய பேனல் போட்டும் கரண்ட் போனதும் வீடு இருட்டாகிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, பழுதும் இல்லை. உங்களுடையது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி, வெளி லைனோடு சேர்ந்தே ஓடும் கருவி. லைனில் கரண்ட் இல்லையென்றால் அதுவும் நிற்கத்தான் வேணும், இல்லாவிட்டால் உங்கள் பேனல் கரண்ட் வெளிக்கம்பியில் ஏறி, மின்கம்பத்தில் வேலை செய்கிறவரின் உயிருக்கே ஆபத்து. மின்வெட்டிலும் ஃபேன் சுழல, லைனை விட்டுத் தனியாகவும் ஓடக்கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேணும். செலவுதான், ஆனாலும் டீசல் ஜெனரேட்டர் பக்கம் போகாதீர்கள், எரித்த டீசலுக்குத் திரும்பத் திரும்பக் காசு, புகை வேறு.

அப்புறம், கடல்காற்றில் உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், விரல் வைத்தால் பிசுபிசுக்கும். விடியற்காலையில், பேனல் சூடாகும் முன், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உவர்க்கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.