மந்திரவாதியைப் பகலில் தூங்க விடாதீர்கள்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டை விளையாடுகிறோம். கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். ஐந்தாம் நிலை மந்திரவாதியாக ஆடும் நண்பன் எந்தச் சண்டை வந்தாலும் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தை வீசி முடித்துவிடுகிறான். உடனே எல்லாரும் படுத்து எட்டு மணி நேரம் தூங்கி எழுகிறார்கள். செலவான மந்திரமெல்லாம் திரும்பிவிடுகிறது. திருடனாகவும் போர்வீரனாகவும் ஆடுபவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே முறையில் (டர்னில்) இரண்டு மந்திரம் போடலாமா என்று வாராவாரம் தகராறு வேறு. என்னிடம் இருப்பது 2014 விதிப் புத்தகம், அவனிடம் 2024 விதிப் புத்தகம். பேசாமல் ஃபயர்பாலைத் தடை செய்துவிடலாமா?
— கோவை வாசகர்

பதில்: தடை செய்யாதீர்கள். உங்கள் நண்பர் நான்கு நிலைகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்ததே அந்த ஒரு மந்திரத்துக்காகத்தான் இருக்கும். இப்போது பிடுங்கினால் அடுத்த ஞாயிறு அவர் வருவாரா என்பதே சந்தேகம். எல்லா அரக்கர்களையும் திடீரென்று தீ தீண்டாதவர்களாக மாற்றிவிடும் யோசனையும் வேண்டாம். அதுவும் தடைதான், கொஞ்சம் கோழைத்தனமான தடை. உங்கள் ஆட்டத்தைக் கெடுப்பது ஃபயர்பால் அல்ல, அந்தத் தூக்கம்.

கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு முதல் நிலை ஸ்லாட் (மந்திரம் போடும்போது செலவாகும் கையிருப்பு) 4, இரண்டாம் நிலை 3, மூன்றாம் நிலை 2. ஃபயர்பால் மூன்றாம் நிலை மந்திரம். ஆகவே லாங் ரெஸ்ட் என்ற அந்த எட்டு மணி நேர ஓய்வை முடித்து எழுந்தவர் இரண்டு முறை வீசலாம். நாளுக்கொரு முறை, ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வு எடுக்கும்போது, ஆர்க்கேன் ரெக்கவரி என்ற வசதியால் இன்னொரு மூன்றாம் நிலை ஸ்லாட்டை மீட்டுக்கொள்ளலாம். மொத்தம் மூன்று. ஒவ்வொன்றும் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரியாக 28 சேதம். பெரிய அடிதான். ஆனால் ஒரு நாள் முழுவதற்கும் அந்த மூன்றுதான் என்ற எண்ணத்தில்தான் அதற்கு அவ்வளவு வலு கொடுத்திருக்கிறார்கள். நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஆறு முதல் எட்டு வரை ஒரு குழு ஒரே நாளில் தாங்கும் என்பது 2014 டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் கணிப்பு. உங்கள் மேஜையில் நாளுக்கு ஒன்றே ஒன்று நடக்கிறது. தினமும் சம்பள நாள் என்றால் யார்தான் கையை இறுக்கிச் செலவு செய்வார்கள்?

இதற்குப் புது விதி எதுவும் தேவையில்லை, இருக்கிற விதியே போதும். 2014 புத்தகப்படி 24 மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்ட்தான் பலன் தரும். 2024 புத்தகப்படி ஒன்றை முடித்து 16 மணி நேரம் கழிந்த பிறகே அடுத்ததைத் தொடங்க முடியும். காலை ஆறு மணிக்கு எழுந்த குழு எட்டு மணிக்குச் சண்டையை முடித்துவிட்டுப் படுத்தால், தாராளமாகத் தூங்கலாம். ஸ்லாட் மட்டும் வராது. புதிய விதியின்படி இரவு பத்து மணி வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புதான் உங்கள் ஆயுதம். கோப்ளின் குகையின் வாசலிலேயே ஃபயர்பால் வெடித்தது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர்களுக்குக் காது கேட்காதா? இவர்கள் பகலெல்லாம் காட்டில் படுத்துவிட்டு மறுநாள் திரும்பும்போது வாசலில் மரத்தடுப்பு, மேலே வில்லாளிகள், மீட்க வேண்டிய கைதி வேறு எங்கோ. இதைத் தண்டனையாகச் செய்யாதீர்கள். "நீங்கள் பின்வாங்கினால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இரண்டே வாரத்தில் உங்கள் மந்திரவாதி முதல் அறையில் ஃபயர் போல்ட் என்ற கேண்ட்ரிப்போடு (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) நிறுத்திக்கொள்வார். (1974-இல் வந்த முதல் பதிப்பில் முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அதன் பிறகு அவர் செய்யக்கூடியது ஓடுவதுதான். இன்றைய மந்திரவாதிகள் கொடுத்துவைத்தவர்கள்.)

அடுத்து, கைபேசி பார்க்கும் இருவர். இவர்களைக் காப்பாற்ற நீங்கள் மந்திரங்களின் விவரத்தைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். பெரும்பாலோர் முதல் இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். நாக் என்ற இரண்டாம் நிலை மந்திரம் எந்தச் சாதாரணப் பூட்டையும் திறந்துவிடும், திருடனுக்கு வேலை போய்விட்டது என்று புலம்புவார்கள். அந்த மந்திரம் போட்டால் 300 அடி தூரத்துக்குக் கேட்கும்படி கதவு தட்டும் ஓசை எழும் என்பதும் அதே விவரத்தில்தான் இருக்கிறது. பத்துக் காவலர்கள் தூங்கும் மாளிகையில் அந்த ஓசையை யார் விரும்புவார்கள்? கம்பியை நுழைத்துச் சத்தமில்லாமல் திறக்கத் திருடன்தான் வேண்டும். சார்ம் பெர்சன் போட்டுக் கடைக்காரரை ஏமாற்றினால், மந்திரம் முடிந்ததும் தன்னை மயக்கியது யார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த முறை அந்த ஊருக்குள் நுழையும்போது என்ன நடக்கும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

போர்வீரனுக்கு இடம் கொடுப்பது கான்சென்ட்ரேஷன் விதி. இதைத்தான் மேஜைகளில் அதிகம் மறக்கிறார்கள். ஃப்ளை, ஹேஸ்ட், இன்விசிபிலிட்டி போன்ற மந்திரங்களுக்கு மனத்தைக் குவித்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் அப்படி ஒன்றைத்தான் பிடித்துவைத்திருக்கலாம். மந்திரவாதிக்கு அடிபடும் ஒவ்வொரு முறையும் கான்ஸ்டிட்யூஷன் (உடல் வலு) சேவிங் த்ரோ, அதாவது மந்திரம் கலையாமல் காக்கும் பகடை வீச்சு, உண்டு. எட்ட வேண்டிய எண் 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. மந்திரவாதி ஃப்ளை போட்டுப் போர்வீரனைக் கோட்டைச் சுவருக்கு மேலே 60 அடி உயரத்தில் அனுப்பியிருக்கிறார். கீழே புதருக்குள் இருந்து ஓர் அம்பு, 7 சேதம். சேவிங் த்ரோவில் மொத்தம் 9 வந்தால் போர்வீரன் மேலிருந்து கீழே வருகிறான்: பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை வீதம் ஆறு பகடை. ஒருமுறை இது நடந்தால் போதும், மந்திரவாதி தானாகவே போர்வீரனின் கேடயத்துக்குப் பின்னால் வந்து நிற்பார். உங்கள் எதிரிகளும் அறிவுள்ளவர்கள்தானே, அம்பை மந்திரவாதி மீது விடச் சொல்லுங்கள்.

ஃபயர்பாலின் ஆரம் 20 அடி. அதாவது 40 அடி அகலம். உங்கள் வரைபடத்தில் பாதி அறைகள் அதைவிடச் சிறியவையாக இருக்கும். எதிரிகளைக் கொத்தாக நிறுத்தாமல், போர்வீரனோடு கைகலக்க விடுங்கள். நண்பனையும் சேர்த்துக் கொளுத்த யாருக்கும் மனம் வராது. அவர் எவோகேஷன் பிரிவு மந்திரவாதியாக இருந்தால் நண்பர்களை விலக்கி வீசும் வசதி உண்டு: 2014-இல் இரண்டாம் நிலையிலேயே, 2024-இல் ஆறாம் நிலையில்தான். எந்தப் புத்தகம் என்று முடிவு செய்ய இதுவும் ஒரு காரணம்.

இரண்டு மந்திரத் தகராறு எளிது. ஆக்‌ஷன் என்பது ஒருவரின் முறையில் செய்யும் முக்கியச் செயல், போனஸ் ஆக்‌ஷன் என்பது கூடுதல் சிறு செயல். 2014 விதி: போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டால், அதே முறையில் ஆக்‌ஷனில் போடக்கூடியது கேண்ட்ரிப் மட்டுமே. 2024 விதி: ஒரு முறையில் ஒரு ஸ்லாட்தான் செலவிடலாம். எப்படிப் பார்த்தாலும் மிஸ்டி ஸ்டெப் என்ற போனஸ் ஆக்‌ஷன் மந்திரம் போட்டுத் தாவிவிட்டு அதே முறையில் ஸ்லாட் செலவழித்து ஃபயர்பாலும் வீச முடியாது. ஆனால் எதிராளியின் மந்திரத்தை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல்லில் இரண்டு புத்தகமும் ஒத்துப்போவதில்லை. பழைய விதியில் மூன்றாம் நிலைக்கு உட்பட்ட மந்திரம் தானாக முறிந்துவிடும். புதியதில் எதிராளிக்கு ஒரு சேவிங் த்ரோ உண்டு, முறிந்தாலும் அவருடைய ஸ்லாட் வீணாகாது. ஒருவர் ஒரு புத்தகம், மற்றவர் இன்னொன்று என்று ஆடினால் இந்த இடத்தில் நிச்சயம் சண்டை வரும். புதியதாகத் தொடங்கும் குழுவென்றால் 2024 என்பேன். பாதி ஆட்டத்தில் இருக்கும் நீங்கள் 2014-ஐயே முடிக்கும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் நீங்கள் சொல்வது அன்றைக்குத் தீர்ப்பு. புத்தகத்தை ஆட்டம் முடிந்தபின் புரட்டலாம்.

2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் மேலே சொன்ன மந்திரங்கள் அனைத்தும் அதில் உண்டு. மூலத்தைக் குறிப்பிட்டால் தமிழில் பெயர்த்துக்கூட அச்சிட்டுக்கொள்ளலாம். உங்கள் மந்திரவாதியிடமே அந்த வேலையைக் கொடுங்கள்: மந்திரத்துக்கு ஓர் அட்டை, அதில் தூரம், நேரம், கான்சென்ட்ரேஷன் உண்டா இல்லையா, கடைசி வரி. அட்டை இல்லாத மந்திரம் அன்றைக்குப் பலிக்காது என்று சொல்லிவிடுங்கள்.