வாசகர் கேள்வி பதில்: பிடி (Bt) பருத்தியில புழு எப்படிங்க வந்துச்சு?

கேள்வி: ஐயா வணக்கம். சாயல்குடி பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் கரிசல், மானாவாரிதான். ஐப்பசி மழைய நம்பி பிடி பருத்தி போட்டோம், புழுவே வராத விதைன்னு சொல்லித்தான் வாங்குனது. தை மாசம் பாத்தா பூ விரியாம முறுக்கிக்கிட்டு நிக்குது, காய உடைச்சா உள்ள ரோஸ் கலர்ல புழு. கடையில சொன்னாங்கன்னு வீட்டுக்காரர் ரெண்டு மருந்த ஒண்ணா கலந்து மூணு தடவை அடிச்சாரு, புழுவும் போகல, வெள்ளை ஈ வேற வந்து இலையெல்லாம் பிசுபிசுன்னு ஆகிப்போச்சு. இந்த வருஷம் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, மூணு தடவை மருந்துக்குப் போன காச நினைச்சா எனக்கே வயிறு எரியுது. பிடி விதையில இருக்கது மண்ணுல வாழுற ஒரு பாக்டீரியாவோட மரபணு, அது காய்ப்புழுவுக்குத்தான் விஷம், தத்துப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி எதையும் தொடாது. 2002ல ஒரு மரபணுவோட வந்துச்சு, 2006ல ரெண்டாச்சு, ரோஸ் புழு ரெண்டையும் தாண்டிருச்சு. காய்ப்புழுவுலயே இன்னொரு வகையான பச்சைப்புழு துவரை, தக்காளின்னு எங்க வேணாலும் மேயும், ஆனா ரோஸ் புழுவுக்குப் பருத்திய விட்டா பெருசா வேற தீனி கிடையாது, அதனால தலைமுறை தலைமுறையா அந்த விஷத்தையே தின்னு பழகிருச்சு. இத தள்ளிப்போடத்தான் 450 கிராம் பாக்கெட்டோட பிடி இல்லாத விதை 120 கிராம் தனியா குடுத்தாங்க, ஓரத்துல விதைக்கச் சொல்லி; அதுல வளர்ற, விஷம் பழகாத புழு மத்ததோட இணை சேந்தா பழகுன புழு சீக்கிரம் பெருகாது. பாதிப்பேர் அத தூக்கிப்போட்டாங்க, எதுக்குன்னு யாரும் உக்கார வச்சு சொல்லவும் இல்லையே.

இப்ப ஒண்ணு கேக்குறேன், வீட்டுக்குப் பின்னாடி போன வருஷத்து பருத்தி மார் (பிடுங்குன காஞ்ச செடி) அடுக்கி வச்சிருக்கீங்களா? அடுப்புக்கு ஆகும்னு நம்ம பக்கம் எல்லாரும் வைக்கிறதுதான், ஆனா அதுல ஒட்டியிருக்க காஞ்ச காய்க்குள்ளதான் புழு சுருண்டு தூங்குது, அடுத்த மழைக்கு அந்துப்பூச்சியா வெளிய வரும். இருக்க மார அடுத்த விதைப்புக்கு முன்னாடி எரிச்சிருங்க. இனிமே மாசி, பங்குனிக்குள்ள எடுப்ப முடிங்க, கோடை மழைக்கு இன்னொரு தளிர் வரும்னு செடிய விட்டு வைக்காதீங்க. எடுப்பு முடிஞ்சதும் ஆட்டுக்கிடை போட்டா மிச்சக் காயெல்லாம் ஆடே மேஞ்சிரும், அப்புறம் மார பிடுங்கிருங்க. பக்கத்து காட்டுக்காரங்களையும் சேத்துக்கங்க, பூச்சிக்கு வரப்பு தெரியாது.

விதையிலயே மருந்து கலந்துதான் வருது, அதனால முதல் மாசம் அவசரப்பட்டு தெளிக்காதீங்க. ஊடுபயிரா உளுந்து, தட்டப்பயறு போட்டா பொறிவண்டு வந்து தங்கும், அசுவினிய அதுவே பாத்துக்கும். வெள்ளை ஈ ஏன் வந்துச்சுன்னா, சைபர்மெத்ரின் மாதிரி மருந்த திரும்பத் திரும்ப அடிக்கும்போது நல்ல பூச்சியெல்லாம் முதல்ல செத்துரும், அப்புறம் அத தடுக்க ஆள் இல்ல.

விதைச்சு 45 நாளுக்கு மேல ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சி வாசனைய வச்சு ஆண் அந்துப்பூச்சிய இழுக்குற பொறி) வைங்க. ஒரு பொறியில தொடர்ந்து 3 நாள், நாளைக்கு 8 அந்துப்பூச்சி விழுந்தாலோ, 20 பச்சைக்காய உடைச்சு 2 காயில புழு இருந்தாலோ அப்ப மருந்து, அதுக்கு முன்னாடி வேணாம். எந்த மருந்து, எவ்வளவுன்னு வேளாண் அலுவலர்கிட்ட கேளுங்க, ரெண்ட கலக்கவே வேணாம். வாடைக்காத்து எழும்புறதுக்கு முன்னாடி காலையிலயே அடிச்சு முடிக்கச் சொல்லுங்க, மூஞ்சியில துணி கட்டாம வீட்டுக்காரர விடாதீங்கம்மா.

கேள்வி: வேப்பங்கொட்டை கரைசல நாலு நாள் வச்சிருந்து அடிக்கலாமா?

பதில்: கூடாது. 5 கிலோ வேப்பம்பருப்ப இடிச்சு ராத்திரி ஊறவச்சு, வடிகட்டி 100 லிட்டராக்கி கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு, அன்னைக்கே வெயில் தாழ அடிச்சிருங்க.